பெட்டிக்கும் வீட்டுக்கும் இடையே ஓடும் கம்பி: கிராமப்புற இணைய வேகம் பற்றிய வாசகர் கேள்விகள்

பிரிட்டனின் நாட்டுப்புறங்களில் குடியிருக்கும் வாசகர்களிடமிருந்து இணைய வேகம் குறித்து அண்மையில் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. ஊர்கள் வேறு வேறானாலும் குறை ஒன்றேதான் என்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் முச்சந்தியில் நிற்கும் பச்சை நிறத் தொலைபேசிப் பெட்டி தெரிகிறது. நடந்து அளந்தால் நூற்றிருபது தப்படிதான். அந்தப் பெட்டி வரை ஃபைபர் என்னும் கண்ணாடி இழை வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் எங்களுக்கு விநாடிக்கு 8 மெகாபிட்டுக்கு மேல் வேகம் கிடைத்ததே இல்லை. சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் வீட்டில் 60-க்கு மேல் வருகிறது. இது எப்படி? — ஒரு வாசகர், லிங்கன்ஷயர்

பதில்: உங்கள் வீட்டுக் கம்பி அந்தப் பெட்டிக்கு வரவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். கண்ணெதிரே நிற்கும் பெட்டிதான் நம்முடைய பெட்டி என்று நினைப்பது இயல்பு. ஆனால் எந்த வீடு எந்தப் பெட்டியோடு சேர வேண்டும் என்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பு, இணையம் என்ற பேச்சே எழாத காலத்தில், தொலைபேசிக்காக முடிவு செய்யப்பட்ட ஒன்று. மனிதக் குரலைக் கொண்டு செல்வதற்கு 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை போதும். அது செம்புக் கம்பியில் பல கிலோமீட்டர் தூரம் சிரமமின்றிப் போய்விடும். எனவே பெட்டி இருநூறு மீட்டரில் இருக்கிறதா, இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறதா என்று அன்று கம்பி இழுத்தவர்கள் கவலைப்பட வேண்டிய தேவை இருக்கவில்லை. எந்தக் குழாயில் இடம் இருந்ததோ, எந்தக் கம்பம் பக்கத்தில் நின்றதோ அதன் வழியே இழுத்தார்கள். 2010-ஆம் ஆண்டு முதல் பழைய பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஃபைபர் பெட்டிகளை நிறுவியபோதும் அந்தப் பழைய பங்கீடு அப்படியே தொடர்ந்தது. எதிர்வீட்டுக்காரரின் கம்பி முச்சந்திப் பெட்டிக்கும், உங்களுடையதும் உங்கள் வரிசையில் உள்ள மற்றவர்களுடையதும் அடுத்த ஊரின் பெட்டிக்கும் போவது அவ்வாறு நேர்வதுதான்.

இதை நீங்களே உறுதிப்படுத்திக்கொள்ளலாம். பி.டி. தொலைபேசி நிறுவனத்தின் மொத்த விற்பனைப் பிரிவான பி.டி. ஹோல்சேலின் இணையத்தளத்தில் உள்ள சோதனைப் பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், உங்கள் இணைப்பு எந்தத் தொலைபேசி நிலையத்தின் எத்தனையாம் எண் பெட்டியைச் சேர்ந்தது என்று வரும். முச்சந்திக்குப் போய்ப் பழைய பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். இரண்டும் வேறு என்றால் விடை கிடைத்துவிட்டது. எண் எதுவும் வராமல், நிலையத்திலிருந்து நேரடியாக வரும் இணைப்பு என்று குறிப்பிட்டிருந்தால், உங்கள் கம்பி எந்தப் பெட்டியையும் தொடாமல் வருகிறது என்று பொருள். கிராமங்களில் அதுவும் உண்டு.

இனி, தூரம் ஏன் வேகத்தை இவ்வளவு தின்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் நிறுவனங்கள் சொல்வதில் எது மெய், எது வெறும் விற்பனைப் பேச்சு என்று நீங்களே பிரித்தறியலாம். பெட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் கடைசிப் பகுதியில் வி.டி.எஸ்.எல். என்னும் முறை பயன்படுகிறது. அது சுமார் 17 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை நான்காயிரத்துக்கும் மேற்பட்ட குறுகிய தடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தடத்திலும் தாங்கும் அளவுக்குத் தரவை ஏற்றி அனுப்புகிறது. கம்பி நீள நீள, மேலே உள்ள அலைவரிசைகளே முதலில் அடங்கிப் போகின்றன. சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் 1 மெகாஹெர்ட்ஸ் குறிப்பலை ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஏறத்தாழ 20 டெசிபெல் இழக்கிறது. அனுப்பிய ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. அதே தூரத்தில் 10 மெகாஹெர்ட்ஸ் குறிப்பலையின் இழப்பு 60 டெசிபெல்லை ஒட்டிவிடும். அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த மிச்சத்தைச் சுற்றியுள்ள இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க எந்த ரூட்டராலும் முடியாது. அதனால் மேல்தடங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டு, இறுதியில் கீழே உள்ள சில நூறு தடங்களை நம்பியே இணைப்பு ஓடுகிறது.

பெட்டியிலிருந்து கம்பி முந்நூறு மீட்டருக்குள் இருந்தால், விற்கப்படும் உச்ச வேகமான 80 மெகாபிட்டை நெருங்கலாம். ஒரு கிலோமீட்டரில் அது 25, 30 என்று இறங்கிவிடும். ஒன்றரைக் கிலோமீட்டரில் 15-ஐச் சுற்றி நிற்கும். இரண்டு கிலோமீட்டரில் பத்தைத் தாண்டினாலே நல்ல கம்பி என்று சொல்ல வேண்டும். இவை குத்துமதிப்பான கணக்குகளே. கம்பியின் தடிமனையும் தரத்தையும் பொறுத்து ஏறும், இறங்கும். 1970-களில் செம்பு விலை உயர்ந்திருந்தபோது சில இடங்களில் அலுமினியக் கம்பி போடப்பட்டது. அந்தப் பகுதிகளில் இதே தூரத்துக்கு வேகம் இன்னும் குறையும்.

இங்கே தூரம் என்பது வரைபடத்தில் அளக்கும் நேர்க்கோடும் அன்று, காரில் போகும் பாதையும் அன்று. சாலையோரமாக வந்து, ஒரு பண்ணையின் வாசல் வரை போய்த் திரும்பி, கம்பம் கம்பமாக ஏறி இறங்கி உங்கள் கூரையைத் தொடும் கம்பியின் முழு நீளம்தான் கணக்கு.

ஒரே ஒரு வீட்டுக்காகக் கம்பியைப் பெட்டி மாற்றித் தருவார்களா என்று அடுத்துக் கேட்பீர்கள். சாதாரணமாகச் செய்ய மாட்டார்கள் என்பதே உண்மை. அந்த வேண்டுகோளுக்காக மாதக்கணக்கில் கடிதம் எழுதிக் களைப்பதைவிட, கடைசிக் கேள்விக்கான பதிலில் உள்ள வழிகளில் அந்த உழைப்பைச் செலுத்துங்கள்.

கேள்வி: வேகம் போதவில்லை என்று தொலைபேசியில் முறையிட்டேன். உயர்ந்த திட்டத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்றார்கள். மாதம் எட்டுப் பவுண்டு கூடுதலாகக் கட்டி ஐந்து மாதங்கள் ஆகின்றன. முன்பு 13 மெகாபிட், இப்போதும் 13 மெகாபிட். — ஒரு வாசகி, நார்ஃபோக்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது மனம் வருந்தினேன், ஏனெனில் இது தவிர்த்திருக்கக்கூடிய செலவு. 40 மெகாபிட் திட்டத்துக்கும் 80 மெகாபிட் திட்டத்துக்கும் உள்ள வேறுபாடு, மேலே போடப்பட்டிருக்கும் வரம்பு மட்டுமே. உங்கள் கம்பி தாங்குவது 13 என்றால் வரம்பு 40-இல் இருந்தாலும் 80-இல் இருந்தாலும் கிடைப்பது அதே 13 தான். இரண்டும் ஒரே செம்பில்தான் ஓடுகின்றன.

ஒப்பந்தம் செய்துகொண்டபோது வந்த மின்னஞ்சலையோ கடிதத்தையோ தேடி எடுங்கள். ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆகியவற்றைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பின் வேக நடத்தை நெறிகளில் கையெழுத்திட்டுள்ள நிறுவனங்கள், விற்பனையின்போதே உங்கள் முகவரிக்குரிய குறைந்தபட்ச உறுதி வேகம் எவ்வளவு என்று கூறியாக வேண்டும். 2019 மார்ச் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, வேகம் அந்த அளவுக்குக் கீழே போவதாக நீங்கள் முறையிட்டால், சரிசெய்ய நிறுவனத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் முடியாவிட்டால் அபராதம் எதுவும் கட்டாமல் நீங்கள் விலகிவிடலாம். அவர்களிடமே சேர்த்து வாங்கிய தொலைபேசி, தொலைக்காட்சிச் சேவைகளுக்கும் இந்த உரிமை பொருந்தும். உங்களிடம் சொன்ன குறைந்தபட்சம் 13-க்கு மேல் இருந்தால் இன்றே எழுத்து மூலமாக முறையிடுங்கள். அது 13-க்குக் கீழே இருந்தாலும், வேகம் கூடும் என்று சொல்லித்தான் திட்டத்தை மாற்றினார்கள் என்பதைத் தேதியோடு குறிப்பிட்டு, பழைய திட்டத்துக்குத் திரும்பவும் கூடுதலாகக் கட்டிய தொகையைத் திரும்பப் பெறவும் கேளுங்கள். தொலைபேசியில் பேசி விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: குறை கம்பியிலா, வீட்டுக்குள்ளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் ரூட்டர் மாடியில் மகளின் அறையில் இருக்கிறது. — ஒரு வாசகர், போவிஸ், வேல்ஸ்

பதில்: கேள்வியின் கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது. ரூட்டர் மாடியில் இருந்தால், வெளியிலிருந்து வரும் கம்பி கீழே வீட்டுச் சுவரில் உள்ள முதன்மை இணைப்புப் பெட்டியில் முடிந்து, அங்கிருந்து யாரோ எப்போதோ சுவரோரம் ஆணி அடித்துக் கொண்டுபோன நீட்டிப்புக் கம்பி வழியாக மேலே போகிறது. பழைய வீடுகளில் இந்த நீட்டிப்பில் முறுக்கப்படாத கம்பி இருப்பது வழக்கம். அந்தக் காலத்துத் தொலைபேசியின் மணி அடிப்பதற்கென்று தனியாக ஓடிய ஒரு கம்பியும் அதில் இருக்கும். இன்று எந்தத் தொலைபேசிக்கும் அது தேவையில்லை. ஆனால் அது ஆண்டெனாவைப் போல நின்று சுற்றுப்புற இரைச்சலையெல்லாம் உள்ளே இழுக்கிறது. தெருப் பெட்டியிலிருந்து தொலைவில் இருப்பதால் ஏற்கெனவே நலிந்து வரும் குறிப்பலையை இது இன்னும் கெடுக்கிறது. நகரத்து வீட்டில் 70 மெகாபிட் 60 ஆனால் எவரும் கவனிக்கப் போவதில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு 11 என்பது 7 ஆகும்போது பிள்ளைகளின் பாடமே நின்றுபோகிறது.

முதன்மை இணைப்புப் பெட்டியின் முகப்பில் கீழ்ப்பாதி தனியாகக் கழலும் வகையாக இருந்தால், இரண்டு திருகுகளைத் தளர்த்தியோ, புதிய வகையில் பக்கவாட்டை அழுத்தியோ அதை எடுங்கள். உள்ளே வலப்புறம் ஒரு துளை இருக்கும். அதுவே சோதனைத் துளை. அந்த முகப்பை எடுத்த கணமே வீட்டின் நீட்டிப்புக் கம்பிகள் யாவும் துண்டிக்கப்பட்டுவிடும். ரூட்டரைக் கீழே கொண்டுவந்து, தொலைபேசிக் குரலையும் இணையத்தையும் பிரிக்கும் வடிகட்டியோடு அந்தத் துளையில் செருகி, கணினியை வைஃபையில் இல்லாமல் ஈதர்நெட் கம்பியில் இணைத்து வேகத்தைப் பாருங்கள். கூடவே ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் காட்டும் இணைப்பு வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வேகம் கூடிவிட்டால் குறை வீட்டுக்குள். கூடவில்லை என்றால் குறை வெளியே, அல்லது அது வெறும் தூரம்.

பழைய தொலைபேசி இணைப்பு இன்னும் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். கம்பியுள்ள தொலைபேசியில் 17070 என்ற எண்ணை அழைத்து, இரண்டாம் தெரிவான அமைதிச் சோதனையைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். எதுவும் கேட்கக் கூடாது. படபடவென்று சத்தம் வந்தால், அதுவும் மழைக்குப் பிறகு அதிகமாக வந்தால், எங்கோ ஒரு இணைப்பில் நீர் இறங்கி அரிப்பு ஏற்பட்டிருக்கிறது. அப்போது தொலைபேசியில் இரைச்சல் என்றே முறையிடுங்கள். அதைக் கம்பிக் கோளாறாகப் பதிவு செய்துகொண்டு ஆள் அனுப்புவார்கள்; இணையம் மெதுவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடக்கூடும்.

ரூட்டரை அணைத்துப் போடுவதைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இணைப்பு எத்தனை முறை அறுகிறது என்பதைத் தானியங்கி அமைப்பு ஒன்று கவனித்துக்கொண்டே இருக்கிறது. அடிக்கடி அறுந்தால் கம்பி நிலையற்றது என்று முடிவு செய்து, அதுவே வேகத்தைக் குறைத்துவிடும். நாளுக்கு நான்கு முறை அணைப்பவர்கள் தங்களையறியாமல் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். சோதனையை ஒருமுறை செய்துவிட்டுச் சில நாட்கள் ரூட்டரைத் தொடாமல் விடுங்கள்.

கேள்வி: ஊரில் இருக்கும் அம்மாவோடு வாரந்தோறும் காணொளியில் பேசுகிறேன். அவர் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நான் சிலை போல உறைந்துவிடுவதாகவும் குரல் துண்டு துண்டாக வருவதாகவும் அவர் சொல்கிறார். வேகச் சோதனையில் 12 மெகாபிட் காட்டுகிறதே? — ஒரு வாசகி, கம்ப்ரியா

பதில்: சோதனையில் நீங்கள் பார்த்தது பதிவிறக்க வேகம். அதற்குக் கீழே இன்னோர் எண் இருக்கும். அது பதிவேற்ற வேகம், அநேகமாக ஒன்றை ஒட்டியிருக்கும். உங்கள் முகத்தையும் குரலையும் அம்மாவிடம் கொண்டுபோவது அதுதான்.

வி.டி.எஸ்.எல். முறையில் வரவுக்கும் (பதிவிறக்கம்) போக்குக்கும் (பதிவேற்றம்) அலைவரிசைகள் மாறி மாறி ஒதுக்கப்பட்டுள்ளன. 138 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு சிறு பட்டை போக்குக்கு உரியது. அதற்கு மேல் 3.75 மெகாஹெர்ட்ஸ் வரை வரவுக்கு. போக்குக்கான அடுத்த பெரிய பட்டை அதற்கும் மேலேதான் தொடங்குகிறது. நீண்ட கம்பியில் அந்த மேல்பட்டை அடங்கிப் போய்விடுவதால், கீழே உள்ள சிறு பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு வீடு முழுவதும் வெளியே பேச வேண்டியிருக்கிறது. வரவு 80-லிருந்து 12-ஆகக் குறையும்போது போக்கு 20-லிருந்து 1-க்கு விழுவது இதனால்தான்.

பேசும் நேரத்தில் வீட்டில் உள்ள எல்லாக் கைப்பேசிகளிலும் படங்களைத் தானாக மேகச் சேமிப்புக்கு ஏற்றும் வசதியை நிறுத்தி வையுங்கள். அந்த ஒற்றை மெகாபிட்டைச் சத்தமில்லாமல் விழுங்குவது பெரும்பாலும் அதுதான். காணொளியின் தரத்தையும் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். படம் சற்று மங்கினாலும் குரல் அறாமல் போய்ச் சேரும். அம்மாவுக்கு வேண்டியது குரல்தான்.

கேள்வி: மாலை ஏழு மணிக்கு மேல் மட்டும் வேகம் பாதியாகிறது. இதற்கும் பெட்டியின் தூரமா காரணம்? — ஒரு வாசகர், டெவன்

பதில்: இல்லை. கம்பியின் நீளம் மாலையில் கூடுவதில்லை. ரூட்டர் காட்டும் இணைப்பு வேகம் மாறாமல் இருந்து சோதனை வேகம் மட்டும் குறைந்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் உங்கள் நிறுவனத்தின் பிணையத்தில் நெரிசல் என்று பொருள். நிறுவனத்தை மாற்றினால் பலன் கிடைக்கலாம். இணைப்பு வேகமே ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாகக் குறைந்து வந்தால், அதே வடத்தில் அண்டை வீட்டார் பலர் சேரச் சேர ஒரு கம்பியின் குறிப்பலை மற்றொன்றில் கசிவதே காரணம். அதற்கு நிறுவனத்தை மாற்றிப் பயன் இல்லை.

கேள்வி: எங்கள் சிற்றூரில் பதினான்கு வீடுகள். பெட்டி மூன்று கிலோமீட்டர் தூரம். யாருக்கும் 5 மெகாபிட் தாண்டவில்லை. ஃபைபர் வந்தாலும் இவ்வளவு தூரத்தில் அதுவும் இப்படித்தான் இருக்குமா? எங்களுக்கு என்னதான் வழி? — ஒரு வாசகர், நார்த் யார்க்‌ஷயர்

பதில்: வீடு வரை ஃபைபர் வந்தால் தூரம் என்ற கவலையே இல்லை. செம்பில் ஒரு கிலோமீட்டருக்கு 20, 60 டெசிபெல் என்று மேலே எழுதினேன். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு இழப்பது அரை டெசிபெல்லுக்கும் குறைவு. இன்று வீடுகளுக்குப் போடப்படும் ஃபைபர் அமைப்பு நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் வரை எட்டும். முதல் வீட்டுக்குக் கிடைக்கும் அதே வேகத்தைக் கடைசி வீட்டுக்கும் தரும். ஆனால் விளம்பரங்களில் ஃபைபர் என்ற சொல்லை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பெட்டி வரை ஃபைபர், வீடு வரை ஃபைபர் என்ற இரண்டும் வேறு வேறு. நீங்கள் கேட்க வேண்டியது முழு ஃபைபர்.

5 மெகாபிட் என்றால் உங்களுக்குச் சட்டப்படியான உரிமை ஒன்றும் உண்டு. 2020 மார்ச் 20 முதல், விநாடிக்கு 10 மெகாபிட் பதிவிறக்கமும் 1 மெகாபிட் பதிவேற்றமும் கிடைக்காத வீட்டார் பி.டி. நிறுவனத்திடம் அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டின் கீழ் இணைப்புக் கேட்கலாம். ஹல் நகரப் பகுதியில் மட்டும் அந்தப் பொறுப்பு கே.காம் நிறுவனத்துடையது. வேலைக்கு ஆகும் செலவு 3,400 பவுண்டுக்குள் இருந்தால் நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் ஆனால் மிகுதியை நீங்கள் ஏற்க வேண்டும். ஒரே வேலையைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும்போது செலவும் பகிரப்படும் என்பதால், பதினான்கு வீட்டாரும் சேர்ந்தே விண்ணப்பியுங்கள். உங்கள் வீட்டுக்குள் நல்ல 4ஜி சேவை கிடைக்கிறது என்று கணக்கிட்டால் விண்ணப்பத்தை மறுக்கவோ 4ஜி ரூட்டரையே தரவோ கூடும். அரசு உதவியுடன் ஓராண்டுக்குள் ஃபைபர் வருவதாக இருந்தாலும் மறுப்பார்கள். அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் காலத்துக்கு 4ஜி ரூட்டரை நானும் பரிந்துரைப்பேன். தடித்த கற்சுவர் வீடுகளில் உள்ளே அலை வராது. கூரையோரம் வெளிப்புற ஆண்டெனா ஒன்றைக் கைப்பேசிக் கோபுரத்தை நோக்கிப் பொருத்தினால் நிலைமை வெகுவாக மாறும். கோபுரமும் எட்டாத பள்ளத்தாக்கு என்றால் செயற்கைக்கோள் இருக்கிறது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செயற்கைக்கோளில் ஒரு சொல் போய்ப் பதில் திரும்பி வர அரை விநாடிக்கு மேல் தாமதம் உண்டு. ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாதக் கட்டணம் கூடுதல்.

எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தருவது லங்காஷயரில் நடந்த ஒரு செயல். பெரிய நிறுவனங்கள் லாபம் இல்லை என்று ஒதுக்கிய ஊர்களின் மக்கள், 2011-இல் பார்ன் என்று அழைக்கப்படும் சமூக நல அமைப்பைத் தொடங்கிப் பங்குகள் திரட்டினார்கள். நிலக்காரர்கள் தங்கள் வயல்களின் குறுக்கே இழை போக இலவசமாக இடம் கொடுத்தார்கள். சாலையைத் தோண்டினால் ஆகும் செலவு, வயலில் கலப்பையால் கீறிக் குழாயைப் புதைத்தபோது மிகவும் குறைந்தது. பள்ளம் தோண்டியவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்களே. தொலைதூரப் பண்ணை வீடுகளுக்கும் விநாடிக்கு ஒரு கிகாபிட் (1,000 மெகாபிட்) வேகம், வரவுக்கும் போக்குக்கும் சமமாக, அவர்களுக்குக் கிடைத்தது. பிறகு அந்த அமைப்பு அண்டை மாவட்டங்களுக்கும் பரவியிருக்கிறது. உங்கள் மாவட்டம் அதற்குத் தொலைவும் அன்று.

எனவே முதலில் பதினான்கு வீடுகளின் வேகத்தையும், நான் மேலே சொன்ன சோதனைத் துளையில் அளந்து, ஒரே தாளில் தேதியோடு எழுதுங்கள். அந்தத் தாளின் படிகளை மாவட்ட மன்றத்தின் பிராட்பேண்ட் அலுவலருக்கும், நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பி, அரசின் கிகாபிட் திட்டத்தில் உங்கள் அஞ்சல் குறியீடு இடம்பெற்றிருக்கிறதா, இணைப்புக்கான மானியச் சீட்டு உங்கள் பகுதிக்கு உண்டா என்று கேளுங்கள். பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். உங்களுக்கும் அருகிலுள்ள ஃபைபருக்கும் இடையே யார் யாருடைய வயல்கள் இருக்கின்றன என்று விசாரித்து, அந்த நிலக்காரர்களை இப்போதே போய்ப் பாருங்கள்.